தேக்கா நிலையத்துக்கு ஒரு நிலையான முகவரி: அரசாங்கத் தகவலை இணைப்புத் தரவாக வெளியிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் அரசாங்கத் தகவலுக்குப் பஞ்சமில்லை. 2011-இல் தொடங்கிய டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்தில் வானிலை முதல் வீவக வீடுகளின் மறுவிற்பனை விலை வரை கிடைக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையம் டேட்டாமால் என்றும், சிங்கப்பூர் நில ஆணையம் ஒன்மேப் என்றும், புள்ளிவிவரத் துறை டேபிள் பில்டர் என்றும் தத்தம் கடையை விரித்திருக்கின்றன. ஒரு கடையின் சரக்கை இன்னொரு கடையின் சரக்கோடு சேர்க்க முயலும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. ஓர் அட்டவணையில் 'தேக்கா சென்டர்' என்று இருக்கும். இன்னொன்றில் 'பஃபலோ சாலை புளோக் 665'. மூன்றாவதில் வெறும் அஞ்சல் குறியீடு, 210665. மூன்றும் ஓரிடம்தான் என்று அங்கே மீன் வாங்கப் போகும் எவருக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாது.

அதைக் கணினிக்கும் தெரியப்படுத்துவதே இணைப்புத் தரவின் வேலை. ஏதேனும் ஓர் ஆணையத்தின் தரவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், பொதுத் தரவை எடுத்துப் பயன்படுத்த நினைக்கும் மாணவர்கள், தொண்டூழியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருந்தால் நல்லது. விரிதாளில் வேலை பார்க்கத் தெரிந்தாலே பாதி வழி வந்துவிடலாம்.

அடிப்படை, சுருக்கமாக

வையவிரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 2006-இல் நான்கு விதிகளை எழுதிவைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் யூஆர்ஐ எனப்படும் ஓர் அடையாள முகவரி கொடுங்கள். அந்த முகவரி உலாவியில் தட்டினால் திறக்கும் வகையில் எச்டிடிபி முகவரியாக இருக்கட்டும். திறந்தால் பொதுத்தர வடிவத்தில் பயனுள்ள தகவல் வரட்டும். அந்தத் தகவலில் பிறருடைய முகவரிகளுக்கும் தொடுப்பு இருக்கட்டும். இவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் இந்த நான்கைச் செய்து முடிப்பதற்கான கருவிகள்.

அவரே 2010-இல் ஐந்து நட்சத்திர அளவுகோலையும் சேர்த்தார். திறந்த உரிமத்தோடு எந்த வடிவத்தில் போட்டாலும், அது படமாக வருடிய பிடிஎஃப் ஆனாலும், ஒரு நட்சத்திரம். கணினி படிக்கக்கூடிய அட்டவணை என்றால் இரண்டு. எக்செல் போன்ற ஒரு நிறுவனத்தின் வடிவத்தை விட்டு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை அட்டவணை) போன்ற பொது வடிவத்துக்கு வந்தால் மூன்று. பொருள்களுக்கு முகவரி கொடுத்து ஆர்டிஎஃப் முறையில் எழுதினால் நான்கு. பிறர் தரவோடு இணைத்தால் ஐந்து. நம் ஊரின் பொதுத் தரவில் பெரும்பகுதி மூன்றாம் படியில் நிற்கிறது என்பது என் கணிப்பு. அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒழுங்கான சிஎஸ்வி கோப்பு, அரைகுறை ஆர்டிஎஃப் கோப்பைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆர்டிஎஃப் என்பது எல்லாத் தகவலையும் மூன்று துண்டு வாக்கியங்களாக எழுதும் முறை. 'தேக்கா நிலையம் — அமைந்திருக்கும் துணை வட்டாரம் — லிட்டில் இந்தியா.' 'லிட்டில் இந்தியா — உட்பட்ட திட்டமிடல் வட்டாரம் — ரோச்சோர்.' முதல் வாக்கியத்தின் கடைசித் துண்டும் இரண்டாவதன் முதல் துண்டும் ஒரே முகவரியாக இருந்தால் இரண்டும் தாமாகக் கோத்துக்கொள்கின்றன. முதல் வாக்கியத்தைத் தேசிய சுற்றுப்புற வாரியமும் இரண்டாவதை நகர மறுசீரமைப்பு ஆணையமும் தனித்தனியே வெளியிட்டிருந்தாலும், தேக்கா நிலையம் ரோச்சோர் வட்டாரத்தில் இருப்பதைக் கணினி கண்டுகொள்ளும்.

படி 1: சின்னப் பட்டியலைப் பிடியுங்கள்

ஆணையத்தின் எல்லாத் தரவையும் ஒரே மூச்சில் மாற்றும் திட்டங்கள் பெரும்பாலும் கூட்ட அறையிலேயே முடிந்துவிடுகின்றன. சில நூறு வரிகளுக்குள் அடங்கும், அடிக்கடி மாறாத, பிறர் அடிக்கடி சுட்டும் ஒரு பட்டியலை எடுங்கள். பள்ளிகள், நூலகங்கள், சமூக மன்றங்கள், உணவங்காடி நிலையங்கள் எல்லாம் இதற்கு ஏற்றவை. இந்தக் கட்டுரைக்கு உணவங்காடி நிலையங்களை எடுத்துக்கொள்வோம். தீவு முழுவதும் நூற்றுக்குச் சற்று அதிகம்; ஒவ்வொன்றும் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது; துப்புரவுக்காக மூடும் தேதி எல்லாருக்கும் தேவைப்படுகிறது.

படி 2: வெளியிடும் உரிமை இருக்கிறதா?

அரசாங்க அமைப்புகள் தங்களிடையே தரவைப் பகிர்வதை 2018-ஆம் ஆண்டின் பொதுத்துறை (ஆளுகை) சட்டம் நெறிப்படுத்துகிறது. தனியார் நிறுவனங்களுக்கு உரிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வேறு. இவை ஒருபுறம் இருக்க, நடைமுறையில் பார்க்க வேண்டியது ஒன்றே: பட்டியலில் மனிதர்கள் இருக்கிறார்களா? உணவங்காடி நிலையத்தின் பெயரும் இடமும் பொதுச் செய்தி. கடைக்காரரின் பெயர், அடையாள அட்டை எண், கைபேசி எண் ஆகியவை அப்படியல்ல. விரிதாளில் அந்தப் பத்திகளை (நெடுவரிசைகளை) மறைத்துவைக்காதீர்கள், மூலக் கோப்பிலிருந்தே நீக்கிவிடுங்கள். விரிதாளில் மறைத்த பத்தியை இரண்டு சொடுக்கில் எவரும் திறந்துவிடலாம்.

இணைப்புத் தரவில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தனியே பார்த்தால் தீங்கற்ற இரண்டு பட்டியல்கள், சேர்த்துப் பார்க்கும்போது ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடலாம். இணைப்பதே நோக்கம் என்பதால் இந்தக் கேள்வியை வெளியிடும் முன்பே கேட்டாக வேண்டும்.

நீங்கள் அரசாங்க ஊழியர் இல்லையென்றாலும் கவலையில்லை. டேட்டா.கவ்.எஸ்ஜி தரவுக்கான சிங்கப்பூர் திறந்த தரவு உரிமம், வணிக நோக்கம் உட்பட எதற்கும் தரவை எடுத்து மாற்றி வெளியிட இடம் தருகிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும். உங்கள் பதிப்பு அரசாங்கத்தின் அதிகாரபூர்வப் பதிப்பு என்ற தோற்றம் வரக்கூடாது. உரிமத்தின் முகவரியைத் தரவின் உள்ளேயே எழுதுங்கள். இணையப் பக்கத்தின் அடியில் மட்டும் போட்டால், கோப்பைத் தனியே பதிவிறக்குபவர் கையில் அது சேராது.

படி 3: சுத்தம் செய்யுங்கள்

நேரத்தில் பெரும்பங்கு இங்கேதான் கரையும். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். நம் ஊர்த் தரவில் திரும்பத் திரும்ப இடறும் இடங்கள் சில.

அஞ்சல் குறியீடு எண் போலத் தோன்றும் எழுத்துச்சரம். மரினா பே சேண்ட்ஸின் குறியீடு 018956. எக்செலில் திறந்து சேமித்தால் முன்னால் உள்ள சுழியம் பறந்து 18956 ஆகிவிடும். பஸ் நிறுத்தங்களின் ஐந்து இலக்க எண்ணுக்கும் இதே கதிதான். கோப்பை ஏற்றும்போதே இந்தப் பத்திகளை 'உரை' என்று குறித்துவிடுங்கள்.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 3/4/2026 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு மார்ச் 4. 2026-04-03 என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

துப்புரவுத் தேதிப் பட்டியலில் ஒவ்வொரு காலாண்டுக்கும் தனிப் பத்தி இருக்கும்: முதல் காலாண்டு தொடக்கம், முதல் காலாண்டு முடிவு, இரண்டாம் காலாண்டு தொடக்கம் என்று நீளும். மனிதக் கண்ணுக்கு வசதி. ஆனால் ஒவ்வொரு மூடலையும் ஒரு தனி நிகழ்வாகப் பிரித்து, அதற்குத் தொடங்கும் நாள், முடியும் நாள், காரணம் என்று மூன்று வாக்கியங்கள் எழுதினால்தான் 'இந்த வாரம் எது மூடியிருக்கும்?' என்று கேட்க முடியும். தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் அந்த வாக்கியத்தையே விட்டுவிடுங்கள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று எழுதினால் தேடல் அங்கேயே நின்றுபோகும்.

இடக்குறிப்பில் இரண்டு பொறிகள். சிங்கப்பூரின் நில அளவை எஸ்விஒய்21 என்ற உள்ளூர் முறையில், மீட்டர் கணக்கில் இருக்கும். உலகெங்கும் புழங்கும் டபிள்யூஜிஎஸ்84 முறைக்கு மாற்றி, எந்த முறை என்பதையும் குறிப்பிடுங்கள். அடுத்தது, இடத் தகவலை எழுதும் ஜியோஜேசன் வடிவத்தில் தீர்க்கரேகை முதலில் வரும், அட்சரேகை பிறகு. நம் அட்சரேகை ஏறத்தாழ 1.3, தீர்க்கரேகை 103.8 என்பதால் இடம் மாறினால் உடனே தெரியும்: அட்சரேகை 90-ஐத் தாண்டவே முடியாது.

தமிழில் பெயர் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒருங்குறிச் சீராக்கம். 'ரோச்சோர்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீட்டாகவும் எழுதலாம்; ஏகாரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்துப் போட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், கணினி இரண்டையும் வேறு வேறு சொல்லாகக் கொள்ளும். எல்லாத் தமிழ் உரையையும் என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ஓப்பன்ரிஃபைனிலோ பைத்தானிலோ ஒரு வரி வேலை.

படி 4: முகவரி கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மென்பொருளைப் பிறகு மாற்றலாம், உறவுகளைக் குறிக்கும் சொல்தொகுதியை மாற்றலாம். வெளியே போன முகவரியை மாற்றினால் அதை நம்பித் தொடுப்புக் கொடுத்த அத்தனை பேரின் தொடுப்பும் அறுந்துபோகும்.

முகவரியில் பெயரை வைக்காதீர்கள். தேக்கா நிலையம் 1982-இல் சூஜியாவ் நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. 2000-இல்தான் தேக்கா என்று அதிகாரபூர்வமாக மாறியது. அன்றே இணைப்புத் தரவு இருந்து, முகவரியில் 'சூஜியாவ்' என்று போட்டிருந்தால் இன்றைக்கு என்ன செய்வது?

ஆணையத்தின் பெயரையும் வைக்காதீர்கள். உணவுக் கடைகளுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு 2019 ஏப்ரல் 1-இல் தேசிய சுற்றுப்புற வாரியத்திடமிருந்து சிங்கப்பூர் உணவு அமைப்புக்குப் போனது. 2024 ஜூலையில் தொடர்பு, தகவல் அமைச்சு மின்னிலக்க மேம்பாட்டு, தகவல் அமைச்சு ஆனது. அமைப்புகள் பிரியும், சேரும், பெயர் மாறும். கட்டடம் அங்கேயே நிற்கும்.

வழக்கிலுள்ள குறியீடுகள்கூட எப்போதும் நம்பத்தக்கவை அல்ல. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையம் 2003-இல் வடகிழக்குப் பாதையோடு திறக்கப்பட்டபோது அதன் குறியீடு என்இ7. டௌன்டவுன் பாதை 2015-இல் அங்கே வந்து சேர்ந்ததும் டிடி12 என்ற இரண்டாவது குறியீடும் சேர்ந்தது. நிலையம் ஒன்று, குறியீடு இரண்டு. இவற்றைப் பண்புகளாக எழுதுங்கள், அடையாளமாக்காதீர்கள்.

அப்படியானால் மிஞ்சுவது பொருளற்ற எண். '/அடையாளம்/உணவங்காடி/0017' என்பது போன்ற அமைப்பு போதும். அடையாள அட்டை எண் போல, பெயரும் அஞ்சல் முகவரியும் மாறினாலும் இது மாறாது. முகவரியைத் தமிழ் எழுத்தில் வைக்க ஆசை வரலாம். தொழில்நுட்பம் அதற்குத் தடை சொல்வதில்லை. ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வோர் எழுத்தும் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட வரிசையாக மாறிவிடுகிறது. முகவரியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கட்டும், தமிழ் பெயர்ப் பண்பில் இருக்கட்டும். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டில் ஒன்றை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். உலாவிக்கு இரண்டும் ஒன்று, ஆர்டிஎஃப் கணக்கில் வேறு வேறு பொருள்கள்.

சொந்தமாக அரசாங்கத் தளப்பெயர் இல்லாத தொண்டூழியர்களுக்கு டபிள்யூ3ஐடி.ஓஆர்ஜி என்ற இலவசச் சேவை இருக்கிறது. அங்கே ஒரு நிலையான முகவரியைப் பெற்று, தரவு இன்று எங்கே இருக்கிறதோ அங்கே திருப்பிவிடலாம். நாளை வழங்கியை (சர்வரை) மாற்றினாலும் முகவரி மாறாது.

இன்னொரு நுணுக்கம். தேக்கா நிலையம் வேறு, அதைப் பற்றிய இணையப் பக்கம் வேறு. நிலையம் திறந்தது 1982-இல். பக்கம் திருத்தப்பட்டது போன வாரமாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே முகவரி கொடுத்தால் 'உருவான தேதி' எதனுடையது? அதனால் பொருளின் முகவரியைத் தட்டினால் வழங்கி 'வேறிடத்தில் பார்' என்று பொருள்படும் 303 என்ற பதிலைச் சொல்லி, தகவல் பக்கத்துக்கு அனுப்பிவைக்கும். மனிதர் உலாவியில் வந்தால் படிக்கும் பக்கம், நிரல் வந்தால் தரவுக் கோப்பு. இந்த ஏற்பாடு உங்களுக்குப் பெரும்பாடாகத் தெரிந்தால், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, முகவரியின் கடைசியில் ஹேஷ் குறியிட்டு எண்ணைச் சேர்த்தாலும் போதும். நூற்றுச்சொச்சம் நிலையங்களுக்கு அதுவே தாராளம்.

படி 5: இருக்கும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்

'அமைந்திருக்கும் இடம்', 'திறந்த நாள்' போன்ற உறவுகளுக்கும் முகவரி வேண்டும். புதிதாக உருவாக்காதீர்கள். பொதுவானவற்றுக்கு ஸ்கீமா.ஓஆர்ஜி, பெயர்களுக்கும் வகைப்பாட்டுக்கும் ஸ்கோஸ், அமைப்புகளுக்கு ஆர்க், புள்ளிவிவரத்துக்கு டேட்டா கியூப், தரவுத் தொகுப்பை விவரிக்க டிகேட் என எல்லாம் தயாராக இருக்கின்றன. முதல் வெளியீட்டுக்கு ஸ்கீமா.ஓஆர்ஜியும் ஸ்கோஸும் டிகேட்டும் போதும். எதிலுமே பொருந்தாத ஓரிரு உறவுகளுக்கு மட்டும் சொந்தச் சொல் உருவாக்கி, அதற்கு விளக்கமும் எழுதுங்கள்.

ஸ்கோஸில் முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர் என்ற பிரிவு உண்டு. மொழிக்கு ஒரு முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர் எத்தனையும் இருக்கலாம். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டுக்கு இது அளவெடுத்துத் தைத்தது போன்ற வசதி. 'தேக்கா நிலையம்' முதன்மை. 'தேக்கா மார்க்கெட்', 'சூஜியாவ் நிலையம்' மாற்று. ஒவ்வொன்றுக்கும் மொழிக்குறி சேருங்கள், தமிழுக்கு 'டிஏ'. முதன்மைப் பெயருக்கு அரசாங்கம் அதிகாரபூர்வமாக வெளியிட்ட தமிழாக்கத்தையே எடுங்கள். உங்களுக்குப் பிடித்தது வேறாக இருந்தால் அதை மாற்றுப் பெயராகப் போடுங்கள். தமிழ்ப் பெயர்களைப் பிறகு சேர்க்கலாம் என்று தள்ளிவைக்கும் திட்டங்களில் அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. நூறு பெயர்கள் ஒரு பிற்பகல் வேலை. முதல் வெளியீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

படி 6: வெளியே இணையுங்கள்

ஐந்தாம் நட்சத்திரம் இங்கே கிடைக்கிறது. உணவங்காடி நிலையத்தை எவற்றோடெல்லாம் இணைக்கலாம்? விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் அதற்குரிய பதிவோடு, திட்டமிடல் வட்டாரத்தோடு, நடத்தும் அமைப்போடு. அமைப்புகளுக்கு 2009 முதல் வழங்கப்படும் யூஇஎன் என்ற தனி எண் நல்ல கொக்கி. வட்டாரத்தைக் குறிக்கும்போது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் எந்தப் பெருந்திட்டத்தின் (நிலப் பயன்பாட்டுத் திட்டத்தின்) எல்லை என்று ஆண்டோடு எழுதுங்கள். 2014-இன் எல்லையும் 2019-இன் எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வட்டாரத்தைத் தேர்தல் தொகுதியோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது.

ஓப்பன்ரிஃபைனில் விக்கித்தரவோடு பொருத்திப் பார்க்கும் வசதி உண்டு. பெயரைக் கொடுத்தால் வாய்ப்புள்ள பதிவுகளைக் காட்டும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். 'தேக்கா' என்றால் நிலையமா, அதைச் சுற்றியுள்ள பகுதியா? நிலையம் என்றால் கடைகள் நடக்கும் இடமா, மேலே வீடுகளும் உள்ள கட்டடத் தொகுதியா? 'இதுவும் அதுவும் ஒன்றே' என்று சொல்லும் சேம்ஆஸ் என்ற தொடுப்பைப் போட்டால், ஒன்றைப் பற்றிச் சொன்னதெல்லாம் மற்றதற்கும் பொருந்தும் என்று கணினி முடிவுகட்டும். பகுதியும் நிலையமும் ஒன்று என்று எழுதிவிட்டால், நிலையத்தைத் துப்புரவுக்கு மூடும் நாளில் தேக்கா வட்டாரமே மூடிக் கிடப்பதாகப் பதில் வரும். ஐயம் இருந்தால் 'நெருங்கிய தொடர்புடையது' என்ற மென்மையான தொடுப்பைப் போடுங்கள்.

இந்தத் துறையில் உள்ளூர் முன்மாதிரி வேண்டுமென்றால் தேசிய நூலக வாரியத்தைப் பாருங்கள். நூலகம், ஆவணக் காப்பகம், இணையக் கலைக்களஞ்சியமான இன்ஃபோபீடியா என்று வெவ்வேறு அமைப்புகளில் கிடந்த பதிவுகளை இணைப்புத் தரவாக ஒன்றுசேர்க்கும் வேலையை அவர்கள் செய்திருக்கிறார்கள். அரிய ஆய்வாகத் தொடங்கி அப்படியே நின்றுபோகாமல், அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது அதன் சிறப்பு.

படி 7: மாற்றி, சோதித்து, வெளியிடுங்கள்

எழுதும் வடிவம் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். மனிதர் படித்துத் திருத்த டர்ட்டில். இணைய நிரலாளர்களுக்குப் பழகிய ஜேசன்-எல்டி. ஓப்பன்ரிஃபைனின் ஆர்டிஎஃப் நீட்சியோ ஒரு சிறு பைத்தான் நிரலோ சிஎஸ்வியிலிருந்து இவற்றை உருவாக்கிவிடும். உருவாக்கும் நிரலைப் பத்திரப்படுத்துங்கள். ஆர்டிஎஃப் கோப்பைக் கையால் திருத்தும் பழக்கம் வந்துவிட்டால் அடுத்த காலாண்டுப் புதுப்பிப்பில் அந்தத் திருத்தமெல்லாம் அழிந்துபோகும்.

சோதனைக்கு ஷேக்கிள் என்ற விதிமொழி இருக்கிறது. 'ஒவ்வொரு நிலையத்துக்கும் சரியாக ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஒன்று', 'தமிழில் முதன்மைப் பெயர் ஒன்று', 'மூடல் முடியும் நாள் தொடங்கும் நாளுக்கு முந்தியதாக இருக்கக்கூடாது' என்று எழுதிவைத்தால், பிசகிய பதிவுகளை அது பட்டியலிட்டுத் தரும்.

வெளியிடும்போது எல்லாரும் முதலில் ஸ்பார்க்கிள் (ஆர்டிஎஃப் தரவிடம் கேள்வி கேட்கும் மொழி) வினவல் வாசலைத் திறக்கவே துடிக்கிறார்கள். 'லிட்டில் இந்தியா துணை வட்டாரத்தில் இந்த மாதம் மூடப்படும் நிலையங்கள் எவை, பக்கத்தில் எந்த எம்ஆர்டி?' என்று ஒரே கேள்வியில் கேட்டுப் பதில் வாங்குவது அழகுதான். ஆனால் யார் வேண்டுமானாலும் எவ்வளவு கனமான கேள்வியும் கேட்கலாம் என்பதால் வழங்கி திணறும். கண்காணிக்க ஆள் வேண்டும். முழுத் தொகுப்பையும் பதிவிறக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு நிலையத்துக்கும் திறக்கும் ஒரு முகவரி, பழைய பயனர்களுக்காக அதே சிஎஸ்வி: இந்த மூன்றோடு தொடங்குங்கள். கேட்பவர்கள் வந்த பிறகு அப்பாச்சி ஜீனா ஃபியூசெக்கி போன்ற இலவசக் கருவியில் வினவல் வாசலைத் திறக்கலாம்.

தொகுப்புக்கு டிகேட் விவரமும் எழுதுங்கள்: யார் வெளியிட்டது, எந்த உரிமம், எப்போது புதுப்பித்தது, எவ்வளவுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அதைப் பக்கத்திலேயே ஜேசன்-எல்டியாகப் பதித்தால் கூகல் டேட்டாசெட் தேடலும் எடுத்துக்கொள்ளும்.

படி 8: வெளியிட்ட பிறகு

ஒரு நிலையம் நிரந்தரமாக மூடப்பட்டால் அதன் பதிவை அழிக்காதீர்கள். எண்ணைப் புதிய நிலையத்துக்குக் கொடுக்கவும் கூடாது. முகவரி தொடர்ந்து திறக்கட்டும். மூடப்பட்ட நாளையும், கடைகள் வேறிடம் போயிருந்தால் அந்த நிலையத்தின் முகவரியையும் சேருங்கள். இரண்டு நிலையங்கள் ஒன்றாக்கப்பட்டால் புதிய எண் கொடுத்து, பழைய இரண்டிலிருந்தும் தொடுப்பு வையுங்கள். புதுப்பிக்கும் பொறுப்பைத் தனி ஒருவர் பெயரில் வைக்காமல் பதவியின் பெயரில் எழுதிவையுங்கள். நம் அலுவலகங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆள் மாறிவிடுவார்.

தவறு கண்டவர் தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரியையும் டிகேட் விவரத்தில் சேருங்கள். வரும் முதல் கடிதங்களில் பாதி தமிழ்ப் பெயரின் எழுத்துக்கூட்டலைப் பற்றித்தான் இருக்கும். சிராங்கூனா, செரங்கூனா என்று கேட்பார்கள். அதிகாரபூர்வ வடிவத்தை முதன்மையில் விட்டு, அவர்கள் எழுதியதை மாற்றுப் பெயராகச் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை அந்த எழுத்துக்கூட்டலில் தேடுபவருக்கும் பதில் கிடைக்கும்.